'ஒரிஜினலா நீ எந்த ஊர்?'

ஏழு பேர் இருந்தா அது கபடி டீம்தானே பாஸ்?

நானும் அப்படித்தான் நினைத்தேன். 2016 அக்டோபரில் காட்டியல் எம்.எஸ்ஸி. படிக்க ஜெர்மனியில் இருக்கும் கோட்டிங்கன் என்கிற ஊரில் போய் இறங்கிய புதுசு. யுனிவர்சிட்டி மெயின் லைப்ரரியின் அட்ரஸ், 'கோட்டிங்கன் எழுவர் சதுக்கம், எண் 1'. லைப்ரரி கார்டு வாங்க, புக் ரிசர்வ் பண்ண, "மச்சி எங்க இருக்க?" என்று கேட்கிற ஃப்ரெண்டுக்கு மெசேஜ் அனுப்ப... ஒரு மாதத்தில் அந்தப் பெயரை நூறு தடவையாவது டைப் பண்ணியிருப்பேன். யார் அந்த ஏழு பேர் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஏதோ அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் டீம், கப் ஜெயிச்சிருப்பாங்க என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன்.

அது பரவாயில்லை, யாரையும் புண்படுத்தாத அசட்டுத்தனம். நான் செய்த இன்னொரு அசட்டுத்தனம்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு ஃப்ளோருக்கு ஒரு கிச்சன். வந்து மூன்றாவது வாரம். நான் குக்கரில் சாதம் வைத்துவிட்டு விசில் எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்து ரூம் பொண்ணு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஜெர்மன் டீச்சர் ஆவதற்குப் படிக்கிறாள் என்று தெரியும். கறுப்பு முடி, கறுப்புக் கண். சும்மா இருக்க முடியுமா நம்மால்?

"நீ எந்த ஊர்?"

"காஸல்." வேக ரயிலில் ஏறினால் இருபது நிமிஷத்தில் வந்துவிடும் ஊர் அது.

"இல்ல... ஒரிஜினலா எந்த ஊர்?"

"ஒரிஜினலாவும் காஸல்தான்."

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "அப்ப உங்க அப்பா?" என்றேன். "காஸல்லதான் பிறந்தார்." "தாத்தா?"

கத்தியைக் கீழே வைத்தாள். "நீ கேட்க நினைக்கிற பதில் துருக்கி. கிடைச்சிடுச்சா? சந்தோஷமா?"

நறுக்கிய வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள். குக்கர் விசில் அடித்தது. எத்தனையாவது விசில் என்று மறந்துபோய், அன்றைக்கு சாதம் குழைந்து கஞ்சியாகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நான் அந்த நாட்டுக்கு வந்து முழுசாக மூன்று வாரம். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டிக்கர் பசைகூடக் காயவில்லை. 'ரொட்டி ஒண்ணு கொடுங்க' என்று தப்பில்லாமல் கேட்கத் தெரியாது. அந்த நான், அங்கேயே பிறந்து வளர்ந்து, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஊர் மொழியைச் சொல்லிக்கொடுக்கப் போகிற ஒருத்தியைப் பார்த்து, 'நீ நிஜமாவே இந்த ஊரா?' என்று விசாரணை நடத்தியிருக்கிறேன். கொழுப்புதானே?

ரெண்டு வாரம் அவள் என்னோடு பேசவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டும் சீட்டு மட்டும் வரும்: 'உன் தயிர் பொங்கி வழிகிறது.'

பேச்சு மறுபடி ஆரம்பித்தது என் ஜெர்மன் கிளாஸ் புண்ணியத்தில். பத்து நிமிஷம் ஜெர்மனில் பேசவேண்டும், டாபிக் நம் இஷ்டம். சின்ன வயசில் கேட்ட சிண்ட்ரெல்லா, ஸ்னோ ஒயிட், சிவப்புத் தொப்பிக்காரி... ஈஸியாகப் போய்விடும் என்று கிரிம் சகோதரர்களை எடுத்தேன். கிச்சனில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நின்றபடியே ரிகர்சல். "யாக்கோப் கிரிம், வில்ஹெல்ம் கிரிம் என்ற இரு சகோதரர்கள், ஊர் ஊராக நடந்துபோய், குடிசை குடிசையாக நுழைந்து, ஜெர்மன் கிராமத்துப் பாட்டிகளிடம் சுத்தமான ஜெர்மன் கதைகளை..."

பின்னால் ஒரு சிரிப்பு. டீ போட வந்தவள் கதவில் சாய்ந்து நின்றாள்.

"நடக்கவும் இல்ல, நுழையவும் இல்ல. கதை சொன்னவங்கதான் பெரும்பாலும் அவங்களைத் தேடி வந்தாங்க. அதுலயும் பாதிப் பேர் பாட்டியே இல்ல, டவுன் பொண்ணுங்க. அப்புறம் அந்த 'சுத்தமான ஜெர்மன்' இருக்கே... அதை அடிச்சுடு."

எங்கள் பேச்சு பாதி இங்கிலீஷ், பாதி என் ஓட்டை ஜெர்மன். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

முதலில் அவள் கேட்ட கேள்வி: "அந்தக் கதைப் புத்தகம் 1812-ல வந்துச்சு. அப்ப ஜெர்மனி எங்க இருந்துச்சு, காட்டு பார்ப்போம்?" மொபைலில் மேப் தேடினேன். கிடைக்கவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு நாடே அப்போது இல்லை! ஏதோ பேருக்கு இருந்த பழைய பேரரசையும் 1806-ல் நெப்போலியன் காலத்தில் கலைத்துவிட்டார்கள். 1815-ல் எல்லாம் அடங்கிய பிறகும் முப்பத்தொன்பது ராஜ்யங்கள். அவற்றின் ஒரு தளர்வான கூட்டமைப்பு, அவ்வளவுதான். ஒரே ஜெர்மனி என்று ஒன்று வந்தது 1871-ல்.

காஸலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1807-ல் நெப்போலியன் தன் தம்பி ஜெரோமுக்கு 'வெஸ்ட்ஃபாலியா' என்று ஒரு ராஜ்யத்தை உருவாக்கிக் கொடுத்தார். தலைநகரம் காஸல். அந்தப் பிரெஞ்சு ராஜாவின் லைப்ரரியன் யார் தெரியுமா? நம்ம யாக்கோப் கிரிம்! அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார், அம்மாவும் 1808-ல் போய்ச் சேர்ந்தார், தம்பி தங்கையைக் காப்பாற்றவேண்டும், வேலை வேண்டும். பகலில் பிரெஞ்சு ராஜாவிடம் சம்பளம், வீட்டுக்கு வந்ததும் தம்பியோடு உட்கார்ந்து ஜெர்மன் கதைகளை எழுதி வைப்பது. நாடு இல்லை, கொடி இல்லை, ராணுவம் தோற்றுவிட்டது. மிச்சம் இருப்பது மொழியும் அதில் இருக்கிற கதையும் பாட்டும்தான், அதையாவது பத்திரப்படுத்துவோம் என்கிற தவிப்பு. அதே வருடங்களில்தான் பிரெஞ்சுப் படை நிற்கிற பெர்லினில் ஃபிக்டே என்ற தத்துவப் பேராசிரியர் 'ஜெர்மன் தேசத்துக்கு' என்று சொற்பொழிவுகள் நடத்திக்கொண்டிருந்தார். இல்லாத நாட்டுக்குச் சொற்பொழிவு!

சரி, கதை சொன்னவர்கள் யார்? காஸலில் ஹாஸன்ஃப்ளூக் என்று ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பெண்கள்தான் சிவப்புத் தொப்பிக்காரி உட்பட நிறையக் கதைகளைச் சொன்னவர்கள். அவர்கள் அம்மா வழி ஹ்யூகனாட். அதாவது, மதத்துக்காகப் பிரான்சிலிருந்து துரத்தப்பட்டு அகதியாக வந்த ப்ராட்டஸ்டன்ட் குடும்பம். 1685-ல் பிரெஞ்சு ராஜா அவர்களுக்கு இருந்த உரிமையைப் பறித்தபோது, காஸல் அரசர் கார்ல் 'இங்கே வாங்க' என்று கூப்பிட்டு இடம் கொடுத்தார். நூறு வருடம் தாண்டியும் அந்த வீடுகளில் பிரெஞ்சு பேசினார்கள்.

இன்னொருவர் டோரோதியா ஃபீமன். 1755-ல் பிறந்தவர். ஒரு சத்திரக்காரரின் மகள், ஒரு தையல்காரரின் மனைவி. காஸல் தெருக்களில் காய்கறி விற்க வருவார், வந்த இடத்தில் கதை சொல்வார். நாற்பது கதை போல அவரிடமிருந்து மட்டும் வந்தது. இவரை அசல் மண்ணின் மைந்தராக, கிராமத்துப் பாட்டியாக கிரிம் சகோதரர்கள் அறிமுகப்படுத்தினார்கள். 1819-ல் வந்த இரண்டாம் பதிப்பில் இவர் படத்தையே முகப்பில் போட்டார்கள். இவருடைய அப்பா வழியும் பிரான்சிலிருந்து வந்த ஹ்யூகனாட்!

"அதாவது, ஜெர்மன்காரங்க 'எங்களோட ஆத்மா'ன்னு கொண்டாடற புத்தகத்துல பாதி, அகதிங்களோட பேத்திங்க சொன்னது. அவங்ககிட்ட யாரும் 'ஒரிஜினலா எந்த ஊர்'னு கேட்கல" என்றாள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள் பாருங்கள் ஒரு பார்வை.

"ஸாரி" என்றேன். வந்து ஐந்தாவது வாரத்தில்.

"டீ வேணுமா?" என்றாள்.

கிரிம் சகோதரர்களுக்கே இந்த விஷயத்தில் ஒரு நெருடல் இருந்திருக்கிறது. 'பூட்ஸ் போட்ட பூனை' கதை முதல் பதிப்பில் உண்டு, 1819-ல் தூக்கிவிட்டார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பெரோவின் கதை அது என்பது ரொம்பவே பளிச்சென்று தெரிந்ததால். பாவம் அந்தப் பூனை, நாடு கடத்தப்பட்டுவிட்டது!

அன்றைக்குத்தான் அந்த ஏழு பேர் யார் என்றும் தெரிந்தது. கபடி டீம் தியரியைச் சொன்னேன். டீ புரையேறிவிட்டது அவளுக்கு.

1837. இங்கிலாந்தில் விக்டோரியா ராணியாகிறார். அதுவரை இங்கிலாந்துக்கும் ஜெர்மனியின் ஹனோவருக்கும் ஒரே ராஜா. ஹனோவர் சட்டப்படி அங்கே பெண் அரியணை ஏற முடியாது. அதனால் அவருடைய சித்தப்பா எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் ராஜாவாகிறார். வந்த வேகத்தில், 1833-ல் எழுதப்பட்ட அரசியலமைப்பு செல்லாது என்று அறிவித்துவிட்டார். கோட்டிங்கன் அவருடைய ராஜ்யத்து யுனிவர்சிட்டி. பேராசிரியர்கள் ஏழு பேர், 'அந்த அரசியலமைப்பின் மேல் சத்தியம் செய்திருக்கிறோம், மீற மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஏழு பேரில் ரெண்டு பேர் நம்ம கிரிம் சகோதரர்கள்! கதைத் தாத்தாக்கள் என்று நான் நினைத்திருந்த ஆட்கள்.

மாணவர்கள் அந்தக் கடிதத்தைப் பிரதியெடுத்து நாடு முழுக்கப் பரப்பினார்கள். ஜெராக்ஸ் இல்லை, வாட்ஸ்அப் இல்லை, கையால் எழுதி எழுதி! ஏழு பேருக்கும் வேலை போனது. யாக்கோப், டால்மன், கெர்வினுஸ் மூவரும் மூன்று நாளில் நாட்டை விட்டு வெளியேற வேண்டும். எல்லைவரை மாணவர்கள் கூடவே போய் வழியனுப்பினார்கள். இதில் கெர்வினுஸ் யார் என்றால், ஜெர்மன் தேசிய இலக்கியத்தின் வரலாற்றைப் புத்தகம் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தவர். 'இலக்கிய வரலாறு எழுதறவனுக்கு அரசியல் எதுக்கு?' என்று நம் ஊரில் கேட்பார்களே, அந்தக் கேள்விக்கு அங்கே அப்போது இடமே இல்லை. நாடு இல்லாத இடத்தில் இலக்கியம்தான் பார்லிமென்ட், இலக்கியம்தான் கொடி. 1859-ல் கவிஞர் ஷில்லரின் நூறாவது பிறந்தநாள் வந்தபோது ஊருக்கு ஊர் ஊர்வலம், தீப்பந்தம், மேடை என்று அமர்க்களப்பட்டது. கட்சிக் கூட்டம் போட்டால் போலீஸ் வரும். கவிஞருக்குப் பிறந்தநாள் கொண்டாடினால்?

வேலை போன அண்ணன் தம்பிக்கு 1838-ல் ஒரு பதிப்பகம் கொடுத்த வேலைதான் அந்தப் பிரம்மாண்ட அகராதி. லூதரிலிருந்து கோதே வரைக்கும் எல்லா எழுத்தாளர்களையும் மேய்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மேற்கோளோடு. சில வருடங்களில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். முடிந்தது 1961-ல்! முப்பத்திரண்டு தொகுதி. நடுவில் ரெண்டு உலகப்போர், நாடு ரெண்டாக உடைந்தது. கடைசிக் காலத்தில் கிழக்கு பெர்லினிலும் மேற்கில் இதே கோட்டிங்கனிலும் ரெண்டு பக்கத்து அறிஞர்களும் சேர்ந்து வேலை செய்து முடித்தார்கள். அதே 1961 ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. அதே 1961 அக்டோபரில் ஜெர்மனியும் துருக்கியும் ஆளெடுக்க ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தத்தில் வந்தவர்தான் அவளுடைய தாத்தா.

"டிக்ஷனரி முடிஞ்ச வருஷம்தான் நாங்க வர ஆரம்பிச்சோம். அதான் அதுல எங்க வார்த்தை எதுவும் இல்ல போல" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் முழுசாகச் சிரிப்பு இல்லை.

ஒரு சனிக்கிழமை என்னை லைப்ரரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உன் கேள்விக்கு பதில் தேடலாம், வா." அந்த முப்பத்திரண்டு தொகுதியும் வரிசையாக நிற்கிறது. முதலில் 'டாய்ச்' என்ற சொல், அதாவது 'ஜெர்மன்'. இந்தச் சொல்லின் கதை சுவாரஸ்யம். ஆரம்பத்தில் அது ஓர் இனத்தின் பெயரோ நாட்டின் பெயரோ இல்லை. லத்தீன் படித்தவர்களின் மொழி. இது சாதாரண ஜனங்களின் பேச்சு. 'ஜனங்களுடைய பேச்சு' என்பதுதான் அர்த்தம். முதலில் மொழிக்குப் பெயர், அப்புறம்தான் மனிதர்களுக்கு, கடைசியாக நாட்டுக்கு.

அடுத்து 'ஃப்ரெம்ட்'. அந்நியம், அந்நியன். கீழே விரலை வைத்து ஒன்று சொன்னாள், எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த அகராதியில் 'டி' எழுத்து முழுக்கத் தம்பி வில்ஹெல்ம் எழுதியது. அதை முடித்துவிட்டு 1859 டிசம்பரில் இறந்துபோனார். 'ஜெர்மன்' என்ற சொல் தம்பி கணக்கு. அண்ணன் யாக்கோப் 'எஃப்' எழுத்தில் இருந்தார். 'ஃப்ருக்ட்', அதாவது 'பழம்' என்ற சொல்வரை வந்தவர், 1863-ல் போய்விட்டார். அகரவரிசைப்படி 'அந்நியன்' பழத்துக்குக் கொஞ்சம் முன்னால். அப்படியென்றால், தன் கடைசி நாட்களில், தம்பியும் இல்லாத வீட்டில், அந்த மனிதர் 'அந்நியன்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இந்தச் சொல்லோட வேர் 'விலகி, அந்தப் பக்கத்துலேருந்து'. இங்கிலீஷ்ல அதே வேர்லேருந்து வந்த சொல் என்ன தெரியுமா?" என்றாள்.

"என்ன?"

"'ஃப்ரம்.' வேர் ஆர் யூ ஃப்ரம்?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

யாக்கோப் கிரிம் ஒரு மகான் என்று எழுதிவிட்டுப் போக ஆசைதான். அவள் விடவில்லை. 1846-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் மொழி, சட்டம், வரலாற்று அறிஞர்கள் மாநாடு. தலைவர் யாக்கோப். ஒரு மக்கள்கூட்டம் என்றால் என்ன என்பதற்கு, ஒரே மொழி பேசுகிறவர்கள் என்பதுதான் அவர் தந்த விளக்கம். கேட்க எவ்வளவு அழகு! அந்தக் கணக்கில் அவள் நூறு சதவிகிதம் ஜெர்மன். பரீட்சை பாஸ் பண்ணினால் நானே கால்வாசி தேறுவேன்! 1848-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டில் கூடிய முதல் ஜெர்மன் நாடாளுமன்றத்தில், ஜெர்மன் மண்ணைத் தொடுகிற எந்த அடிமையும் அந்த நிமிஷமே சுதந்திர மனிதன் என்று சட்டத்தில் எழுதவேண்டும் என்றார் அவர். ஓட்டெடுப்பில் தோற்றது. அதே மனிதர், அதே வருடம், அதே சபையில், ஷ்லெஸ்விக் பகுதிக்காக டென்மார்க்கோடு சண்டையை விடக்கூடாது என்றும் பேசினார். மொழி எதுவரை போகிறதோ அதுவரை நாடு என்றால், பக்கத்து வீட்டுக்காரன் திண்ணையும் நம்முடையதாகத் தோன்ற ஆரம்பித்துவிடுகிறது!

இன்னொரு பக்கம், மொழி பேசினால் போதும் என்பதையும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கேதான் மாணவர்கள் வருகிறார்கள். நம்மைப் போன்ற மாணவர்கள்.

1817 அக்டோபர் 18. வார்ட்புர்க் கோட்டை. லூதர் பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்த்த இடம். சுமார் ஐந்நூறு மாணவர்கள், பல யுனிவர்சிட்டிகளிலிருந்து. முப்பத்தொன்பது துண்டு வேண்டாம், ஒரே ஜெர்மனி வேண்டும், சுதந்திரம் வேண்டும் என்று கூட்டம். நியாயமான கோரிக்கை. எனக்கு அந்தக் காலத்தில் இருபது வயது என்றால் நானும் போயிருப்பேன். சாயங்காலம் ஒரு சின்னக் கோஷ்டி தீ மூட்டியது. 'ஜெர்மன் அல்லாத' புத்தகங்களை எரிக்கிறோம் என்றார்கள். நிஜப் புத்தகங்கள்கூட இல்லை! பழைய பேப்பர் கட்டு மேல் புத்தகத் தலைப்பை எழுதி ஒட்டித் தீயில் போட்டார்கள். (கிண்டல் பண்ணாதீர்கள், ஹாஸ்டல் பட்ஜெட் எந்தக் காலத்திலும் அவ்வளவுதான்.) நெப்போலியன் சட்டப் புத்தகம், நாடக ஆசிரியர் கோட்ஸபுவின் வரலாறு, அப்புறம் ஸவுல் ஆஷர் என்ற பெர்லின் யூத எழுத்தாளரின் சின்னப் புத்தகம் ஒன்று. ஆஷர் செய்த குற்றம்? இந்த 'ஜெர்மன் ஜெர்மன்' என்ற வெறி எங்கே கொண்டுபோய் விடுமோ என்று 1815-ல் எழுதியது. வெறி பிடித்திருக்கிறது என்று எழுதினவனுடைய புத்தகத்தை எரித்தே, அவன் சொன்னதை நிரூபித்தார்கள்!

ரெண்டே வருடத்தில், 1819 மார்ச்சில், கோட்ஸபுவை ஒரு மாணவன் கத்தியால் குத்திக் கொன்றான். அதைச் சாக்காக வைத்து அரசுகள் பத்திரிகை, புத்தகம், யுனிவர்சிட்டி எல்லாவற்றின் கழுத்திலும் கயிறு மாட்டின.

இந்தச் சமயத்தில்தான் கோட்டிங்கனுக்கு ஒரு லா ஸ்டூடண்ட் வந்து சேர்ந்தார். ட்யூஸல்டார்ஃபில் 1797-ல் பிறந்த யூதப் பையன், ஹைன்ரிஷ் ஹைனே. அவள் ரூம் சுவரில் ஒட்டியிருந்தது இவர் படம்தான். சினிமா ஹீரோ படம் ஒட்டுகிற வயசில் கவிஞர் படம்! ஹைனேயும் ஒரு காலத்தில் தீப்பந்தம் பிடித்தவர். பான் நகரில் படிக்கும்போது 1819-ல் மாணவர் ஊர்வலத்தில் போய், விசாரணைக்கு எல்லாம் ஆஜரானவர். கோட்டிங்கன் வந்ததும் ஒரு தகராறு, 'வாளெடு பார்க்கலாம்' என்று சவால், ஆறு மாதம் சஸ்பெண்ட். (நம் காலேஜ் அரியர் கோஷ்டிக்கு ஆறுதலான தகவல்.) திரும்பி வந்து 1825-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். பட்டத்துக்குச் சில வாரம் முன்னால் பக்கத்து ஊர் ஒன்றில் ஓசையில்லாமல் ஞானஸ்நானம். யூதனாக இருந்தால் அரசு வேலை கிடைக்காது. மாறியும் கிடைக்கவில்லை.

1824-ல் கோட்டிங்கனிலிருந்து ஹார்ட்ஸ் மலைக்கு நடந்துபோன பயணத்தைப் புத்தகமாக எழுதினார். இந்த ஊரையும் பேராசிரியர்களையும் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார். நான் காட்டியல் மாணவன் இல்லையா, ஃபீல்டு ட்ரிப்புக்கு அதே மலைக்குத்தான் போனோம். பையில் அந்தப் புத்தகம், அவள் கொடுத்தது. அதில் ராத்திரி ஒரு பேய் வருகிறது. யார் பேய் தெரியுமா? 1822-ல் இறந்துபோயிருந்த அதே ஸவுல் ஆஷர்! பேய் என்று ஒன்று இல்லவே இல்லை என்று பேயாக வந்து லாஜிக்கோடு வாதாடுகிறார். வாய்விட்டுச் சிரித்தேன். அப்புறம், எரிக்கப்பட்ட புத்தகத்துக்காரர் என்று ஞாபகம் வந்தது.

ஹைனே 1831-ல் பாரிஸ் போனார். 1835-ல் ஜெர்மன் கூட்டமைப்பு அவர் எழுத்தைத் தடை செய்தது. 1844-ல் அவரைப் பிடிக்க எல்லையில் ப்ரஷ்யா உத்தரவு போட்டு வைத்திருந்தது. 1856-ல் பாரிஸிலேயே இறந்தார். ஆனால், அவர் எழுதிய 'லோரலை' கவிதையை மெட்டுப் போட்டு, நாட்டுப்பாடல் மாதிரி ஜெர்மனி முழுக்கப் பாடினார்கள். பாட்டு வேண்டும், எழுதினவர் வேண்டாம். அவருக்கு நினைவுச்சின்னம் வைக்கச் சொந்த ஊர் மறுத்தது, மைன்ஸ் நகரமும் மறுத்தது. செய்த சிற்பம் கப்பல் ஏறி, 1899-ல் நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியில் திறக்கப்பட்டது. இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

1933 மே 10-ல் மாணவர்கள் மறுபடி புத்தகம் எரித்தார்கள். இந்தத் தடவை நிஜப் புத்தகம். வார்ட்புர்க் தீயைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே எரித்தார்கள். கோட்டிங்கனிலும்தான். அந்த இடத்தை அவள் எனக்குக் காட்டினாள். இப்போது அங்கே பக்கத்தில் ஒரு சர்ச், மரங்கள், சைக்கிள்கள். அந்த வழியாகத்தான் நான் தினமும் காய்கறி வாங்கப் போவேன்.

அவள் பிறந்தபோது அவள் கையில் இருந்தது துருக்கி பாஸ்போர்ட். அப்பாவும் அந்த ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. ரத்த வழியில் குடியுரிமை என்ற 1913-ம் வருட சட்டம்தான் அப்போதும் நடைமுறையில். இங்கே பிறந்தவர்களுக்கும் வழி திறந்தது 2000-ல்தான். பதினாறு வயசில் அப்ளிகேஷன் போட்டு வாங்கினாளாம். "டேபிளுக்கு அந்தப் பக்கம் இருந்தவர், 'ஜெர்மன் பேச வருமா'ன்னு கேட்டார். அந்த வருஷம் ஸ்கூல்ல ஜெர்மன்ல நான்தான் ஃபர்ஸ்ட்."

அடுத்த வருடம் டீச்சிங் பயிற்சிக்கு ஒரு பள்ளிக்கூடம் போனாள். முதல் பெற்றோர் சந்திப்பிலேயே ஓர் அம்மா, ரொம்பப் பிரியமாக, "உங்க ஜெர்மன் ரொம்ப நல்லாருக்கே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்றாராம். அன்று ராத்திரி கிச்சனில் உட்கார்ந்து அழுதாள். திட்டினவர்களுக்குப் பதில் சொல்லலாம், பாராட்டினவரிடம் என்ன சொல்வது? என்னிடமும் வார்த்தை இல்லை. ரசம் வைத்துக் கொடுத்தேன். மூக்கு உறிஞ்சிக்கொண்டே ரெண்டு டம்ளர் குடித்தாள்.

அதே பள்ளிக்கூடத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. ஹைனே பாடம் எடுக்கிறாள். 2015-ல் சிரியாவிலிருந்து வந்த பையன் ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், அவர் திரும்பி வந்தாரா?"

"ரெண்டு தடவை வந்து பார்த்துட்டுப் போனார்."

"வந்தப்ப யாராவது வீட்டுல இருந்தாங்களா?"

"அம்மா இருந்தாங்க."

பையன் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டானாம். என்ன எழுதினான் என்று அவள் கேட்கவில்லை.

கோர்ஸ் முடிந்து நான் கிளம்புவதற்கு முந்தின வாரம், தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். முதலில் காஸலில் கிரிம் மியூசியம். பார்த்துவிட்டு பஸ் ஏறி பவுனாடால். காஸலை ஒட்டின ஊர். அங்கே ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையில்தான் தாத்தா முப்பது வருடம் கியர்பாக்ஸ் மாட்டினார். அதே ஊரில் ரோட்டோரம் ஒரு பழைய சத்திரம் உண்டு, இப்போது ரெஸ்டாரன்ட். காய்கறிக்காரி டோரோதியா ஃபீமன் பிறந்த வீடு அது. பஸ் ஜன்னல் வழியாகக் காட்டினாள். "நாங்க ரெண்டு பேரும் ஒரே ஊர்க்காரங்க" என்றாள்.

தாத்தா இல்லை, பாட்டி மட்டும். டேபிள் நிறையச் சாப்பாடு. ஜெர்மன் பாட்டிக்குக் கொஞ்சம், எனக்குக் கொஞ்சம், ரெண்டு பேர் கொஞ்சமும் வேற வேற கொஞ்சம். பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி எந்த ஊர்?"

ஒரு குறும்பு. "கோட்டிங்கன்" என்றேன்.

பாட்டி தலையை ஆட்டினார். கரண்டியை நீட்டினார்.

"அது சரி... ஒரிஜினலா எந்த ஊர்?"

அவள் சிரித்த சிரிப்பில் டேபிளே குலுங்கியது. பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் திருநெல்வேலி என்றேன். பாட்டிக்கு அது இந்தியாவில் எங்கே என்று தெரியவேண்டுமாம். அவள் மொபைலில் மேப்பை எடுத்து, கீழே, இன்னும் கீழே, கடைசிவரை கீழே என்று நகர்த்திக்கொண்டே போனாள். பாட்டி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.